8,000 வாட் என்பது யார் போட்ட கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பொங்கல் நாள்கள் நெருங்கும்போது தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் கணினிக்கான 5.1 ஸ்பீக்கர் (ஐந்து சிறு ஸ்பீக்கர்களும், அடிநாதத்துக்கான சப்வூஃபர் என்ற பெட்டி ஒன்றும் சேர்ந்தது) விளம்பரங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் 5,000 வாட், 8,000 வாட், 10,000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் எண்களைப் பற்றியதே இக்கடிதம். களக்காடு வட்டாரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக மைக் செட் தொழில் செய்து வருகிறேன். அந்த எண்களை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள் என்பதை என் தொழிலறிவைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியும்.

குழாய் ஒலிபெருக்கிகளை வேப்பமரத்தில் கட்டிய காலத்தில், கொடை விழாவுக்கு நாங்கள் கொண்டுபோன ஆம்ப்ளிஃபையரின் திறன் 250 வாட்தான். நான்கு குழாய்களை நான்கு திசைக்குத் திருப்பி வைத்தால் ஊரைத் தாண்டி வயற்காடு வரை வில்லுப்பாட்டு கேட்கும். மேசைமேல் வைக்கும் சிறு பெட்டி அதைப்போல் முப்பது மடங்கு திறன் உடையது என்று அச்சிட்டால், அதை எப்படி ஏற்பது?

சென்ற ஆண்டு என் மகள் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் உள்ள ஒரு கடையில் வாங்கிவந்த 5.1 செட்டின் அட்டைப் பெட்டியில் ‘8,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று இருந்தது; பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணத்துக்கு மட்டும் வரும் உச்சத் திறன். சப்வூஃபரைத் திருப்பிப் பார்த்தேன். கரன்ட் வயர் நுழையும் இடத்துக்கு மேலே, இரண்டு விரல் அகலத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 65 வாட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சுவரிலிருந்து இழுக்கும் கரன்ட்டே 65 வாட் என்றால், அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும் என்பதால், ஆறு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்துத் தொடர்ந்து கிடைப்பது ஏறக்குறைய 35 அல்லது 40 வாட்தான். உள்ளிருக்கும் கண்டென்சர்கள் சேர்த்துவைத்த மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கூடுதலாகத் தரும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கணநேர அளவை எப்படி எடுப்பது என்று பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த நெறிமுறையும் இல்லாததால், அவரவர் விரும்பிய எண்ணை அச்சிட்டுக்கொள்கிறார்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே. அதையும் எத்தனை விழுக்காடு ஒலிச்சிதைவில் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். 10 விழுக்காடு சிதைவில் காட்டும் வாட், 1 விழுக்காட்டில் அளந்தால் வெகுவாகக் குறைந்துவிடும்.

வாட் கூடினால் சத்தம் அதே கணக்கில் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு திறன் தேவை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்ற ஸ்பீக்கரின் உணர்திறன்தான் இதில் முக்கியம். எங்கள் குழாய் குறைந்த வாட்டில் ஊரையே எழுப்பியதற்குக் காரணம் அதுவே. ஆனால் கணினி ஸ்பீக்கர் பெட்டியில் உணர்திறன் அளவு அச்சிட்டிருப்பதை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லாம் கேட்கும் எனக் காட்டும் வரியும் இப்படிப்பட்டதே. அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று, அதாவது கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்பதுபோல், சொல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. ஐந்து அங்குல சப்வூஃபர் 20 ஹெர்ட்ஸைக் காதுக்குக் கேட்கும்படி தராது.

எண்களை விட்டுவிட்டுக் காதால் சோதிப்பதற்கு, எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுப் பதிவைவிட நல்ல உரைகல்லை நான் கண்டதில்லை. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும்; வில்லில் கட்டிய மணிகளும் தாளமும் மேல் சுருதியில் கணகணவென்று நீண்டு அடங்கும்; உடுக்கை இரண்டுக்கும் நடுவே பேசும். மகளின் செட்டில் குடத்தின் எல்லா அடியும் ‘தொம் தொம்’ என்று ஒரே ஓசையாக விழுந்தது. தாளம் சிதறிய மணலைப்போல் ‘சிர்’ என்று இரைந்தது. அவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வில்லுப்பாட்டைப் பாடும் புலவரின் குரலுக்கு நேர்ந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. சொற்கள் மேசைமேல் இருந்த சிறு ஸ்பீக்கரிலிருந்தும், குரலின் கனம் மேசைக்கு அடியில் இருந்த சப்வூஃபரிலிருந்தும் வந்தன. ஒரே மனிதரை இரண்டாகப் பிளந்து இரண்டு இடத்தில் உட்கார வைத்ததுபோல் இருந்தது. சிறு ஸ்பீக்கர்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் திணறுவதால், அதற்குக் கீழுள்ள ஆண்குரலின் அடிநாதம் முழுவதையும் சப்வூஃபரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிதான் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அதற்கு மேற்பட்டதைச் சப்வூஃபருக்குக் கொடுத்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

5.1 என்ற சொல்லையும் விளக்க வேண்டியிருக்கிறது. கணினியிலிருந்து பச்சை நிறத் துளை வழியாக ஒரே வயரில் வருவது இடம், வலம் என்ற இரண்டு தடங்கள் மட்டுமே. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஆகிய மூன்று துளைகளிலும் வயர் மாட்டினால், அல்லது ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலியைப் பிரிக்கும் டிகோடர் செட்டுக்குள்ளேயே இருந்தால்தான் ஆறு தடங்களும் தனித்தனியே பேசும். ஒரே துளையுள்ள லேப்டாப்பில் மாட்டி, முன்னால் ஒலிப்பதையே பின்னாலும் ஒலிக்கச் செய்துவிட்டு அதைச் சரவுண்ட் என்று விற்கிறார்கள். பின் ஸ்பீக்கர்களை வைக்கும் இடமும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. ஐ.டி.யு. என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகையிலும், அதாவது காதுக்குச் சற்றே பின்னாலும் இருக்க வேண்டும். ஐந்தையும் மேசையில் வரிசையாக அடுக்குவதைவிட இரண்டே ஸ்பீக்கர் கொண்ட நல்ல செட்டே மேல். அதே விலையில் அது நன்றாகவும் ஒலிக்கும்.

அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையர் திறனை விளம்பரப்படுத்தும்போது தொடர் திறனையும் ஒலிச்சிதைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி கொண்டுவந்தார்கள். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தரம், ஆற்றல் ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குபவருக்கு அளித்திருக்கிறது. ஆற்றல் என்ற சொல் வாட்டுக்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்? பெட்டியின் முன்பக்கத்தில் ஆர்.எம்.எஸ். வாட், அதை அளந்தபோதிருந்த ஒலிச்சிதைவு, சுவரிலிருந்து எடுக்கும் வாட் ஆகிய மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். தவறான விளம்பரத்தைக் கண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பேஸ் குமிழை நடுவில் வைத்து, குறைந்த சத்தத்தில், வாடிக்கையாளர் கொண்டுவரும் பதிவையே போட்டுக் காட்டுங்கள். இரண்டு செட்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதுதான் நல்லது என்று காது மயங்கிவிடும்.

தங்களிடம் நான் கேட்பது, வரும் தீபாவளிக்கு ஸ்பீக்கர் விளம்பரம் கொடுக்க வருபவரிடம், பி.எம்.பி.ஓ. எண்ணுக்குப் பதிலாக ஆர்.எம்.எஸ். அளவைப் போட்டால்தான் அச்சிடுவோம் என்று தங்கள் விளம்பரப் பிரிவு சொல்ல வேண்டும் என்பதே.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலாளி ஒருவர்,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.