கேட்டுவிட்டுக் காத்திரு

திருத்துறைப்பூண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. புனேயில் தனியாக உட்கார்ந்து ராத்திரியெல்லாம் பைத்தான் நிரல்மொழியோடு மல்லுக்கட்டுகிறாய். போனில் சொன்னது பாதி உனக்குக் கேட்கவில்லை, அதனால்தான் கடிதம். ஓய்வு பெற்றபின் நான் லினக்ஸ் பழகியதே ஐஆர்சி என்ற இணைய அரட்டையின் சேனல்களில், அதாவது அரட்டை அறைகளில், முகம் தெரியாதவர்கள் சொல்லிக்கொடுத்துத்தான். உன்னையும் பைத்தான் சேனலில் சேர்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

ஐஆர்சிக்குள் போக ஹெக்ஸ்சாட் என்ற மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக்கொள். திறந்ததும் பெயர் கேட்கும். சொந்தப் பெயர் வேண்டாம், ஏதாவது புனைபெயர் வை. பட்டியலில் லிபெரா சாட் என்ற நெட்வொர்க்கைத் தேர்ந்தெடு. பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் டிக் ஆகியிருக்கிறதா பார், போர்ட் 6697.

அடுத்து, அங்கே பெயர்களைப் பதியும் சேவையான நிக்சர்வில் உன் புனைபெயரைப் பதிவு செய். பதிவில்லாதவர்களைச் சில சேனல்கள் உள்ளேயே விடாது. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பதிவு செய்யும் கட்டளைக்கு முன்னால் சாய்கோடு (/) விட்டுப்போனால் அது பேச்சாகிவிடும். சேனலுக்குள் இருந்து அடித்தால் உன் பாஸ்வேர்டை அத்தனை பேரும் படிப்பார்கள். அதனால் எந்தச் சேனலிலும் நுழையுமுன்பே இதை முடித்துவிடு. மெயிலில் வரும் வரியை அப்படியே ஒட்டினால் பதிவு உறுதியாகிவிடும்.

உள்ளே போய் "யாராவது இருக்கீங்களா" என்று கேட்காதே. நேராக விஷயத்தைக் கேள். இங்கிலீஷ் தப்பானால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எனக்குத் தனியாகத் தமிழில் எழுதினால் மட்டும் சின்னச் சின்னதாக எழுது. ஐஆர்சி 1988-ல் பின்லாந்தில் உருவான பழைய முறை. ஒரு செய்திக்கு 512 பைட்தான். தமிழில் கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக 3 பைட் பிடிக்கும். நீளமாக எழுதினால் துண்டு துண்டாகிவிடும்.

முக்கியமானது, கேட்டுவிட்டு உடனே மூடிவிடாதே. பதில் சொல்லத் தெரிந்தவர் அப்போதுதான் தூங்கப் போயிருப்பார். நீ வெளியே இருக்கும்போது வந்த பதிலை இதில் பிறகு தேடிப் பார்க்க முடியாது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் கல்லணை தாண்டி நம்ம கடைமடைக்குத் தண்ணீர் அன்றைக்கேவா வருகிறது? பதிலும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தபடி வைத்துவிட்டு உன் வேலையைப் பார். உன் பெயரைச் சொல்லி யாராவது எழுதினால் அந்த வரி தனி நிறத்தில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய். நானும் அன்றைக்கு உள்ளே இருப்பேன். எங்கேயாவது நின்றுபோனால் போன் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா