அப்பாவின் டிகொக்சின் குளிசை

அன்பு மகளுக்கு,

அப்பா இதயத்துக்கு எடுக்கிற டிகொக்சின் பற்றி இணையத்தில் வாசித்துவிட்டு, "அது நஞ்சல்லோ அம்மா, ஏன் குடுக்கிறீங்கள்?" என்று கேட்டாய். நஞ்சுதான். எங்கள் வேலியோரம் நிற்கிற மஞ்சள் அலரியில் இருப்பதும் அதே இனத்து நஞ்சுதான். அளவில்தான் விஷயம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நீ, சோடியம்-பொற்றாசியம் பம்பி நினைவிருக்கும். கலமென்சவ்வில் இருந்துகொண்டு, கலத்தின் சக்திப் பொருளான ஏரீபீயைச் (ATP) செலவழித்து, 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957 இல் அதைக் கண்டறிந்தது நண்டுக்கால் நரம்பில். நாங்கள் நண்டைக் கூழுக்குள் போடுவதோடு சரி. அவருக்கு 1997 இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

டிகொக்சின் இந்தப் பம்பிகளில் கொஞ்சத்தை மறிக்கிறது. இதயத்தசைக் கலத்துக்குள் சோடியம் சற்று ஏறும். சோடியத்தை உள்ளே விட்டுக் கல்சியத்தை வெளியேற்றுகிற இன்னொரு புரதம் இருக்கிறது. உள்ளே சோடியம் ஏறினால் அதன் வேலை மந்தமாகும். கல்சியம் தங்கும், தசை பலமாகச் சுருங்கும். அப்பாவின் களைத்த இதயத்துக்கு வேண்டியது அதுதான்.

ஆயுள் கூடும் என்று நினையாதே. 1997 இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 6800 நோயாளிகளில், இறப்பு குறையவில்லை. ஆனால் இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுப்பது குறைந்தது. எனக்கு அதுவே பெரிது. போன மாரியில் மூச்சு முட்டி, படுக்க ஏலாமல், கதிரையில் இருந்தபடியே அவர் நித்திரை கொண்டதை நீ பார்க்கவில்லை.

என் பயம் பொற்றாசியத்தில்தான். அதுவும் டிகொக்சினும் ஒரே பம்பிக்குப் போட்டி போடுபவை. அவர் எடுக்கிற நீர்க் குளிசை பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். அது குறைந்தால் டிகொக்சின் பம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பொற்றாசியமும் சிறுநீரகமும் பார்க்கிறார்கள். வீட்டில் நான் பார்ப்பது டிகொக்சின் மிஞ்சிவிட்டதைக் காட்டுகிற அறிகுறிகளை: பசியின்மை, சத்தி, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்பது. முந்தநாள் புட்டை ஒதுக்கிவிட்டார். பதறிப்போய் விசாரித்தால், மனுசன் பக்கத்து வீட்டில் வடை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மற்றது, அவரின் இருமலுக்கு அதிமதுரத் தேநீர் அனுப்பப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் பிள்ளை, அதிமதுரமும் பொற்றாசியத்தை இறக்கும். பார்சலில் இடமிருந்தால் அவருக்கு ஒரு சோடி சப்பாத்து வை. கால் வீக்கம் வற்றிவிட்டது, பழைய அளவே போதும்.

அம்மா