பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரேக்கத் தத்துவமெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒதுக்குகிறவர்கள் பிளேட்டோவின் ‘லாக்கஸ்’ உரையாடலைப் படித்துப் பார்க்கலாம். சின்னதுதான், ஒரு மாலையில் முடிந்துவிடும். ஏதென்ஸில் இரண்டு அப்பாக்கள், பையன்களைக் கவசம் அணிந்து சண்டையிடும் பயிற்சியில் சேர்க்கலாமா வேண்டாமா என்று குழம்பி, லாக்கஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (எங்கள் அப்பாக்கள் ஊர் வேலையே கதி என்று இருந்து எங்களைக் கவனிக்கவில்லை என அந்த இரண்டு அப்பாக்களும் புலம்புவது தனிக்கதை.)

அப்புறம் சாக்ரடீஸை இழுக்கிறார்கள். கண்ணுக்கு மருந்து போடலாமா என்று கேட்கும்போது யோசனை கண்ணைப் பற்றியா, மருந்தைப் பற்றியா என்கிறார் அவர். கண்ணைப் பற்றித்தானே! அதுபோல இங்கேயும் பேச வேண்டியது பயிற்சியைப் பற்றியல்ல, அதனால் பையன்களுக்கு வர வேண்டிய வீரத்தைப் பற்றி. சரி, வீரம் என்றால் என்ன என்று கேட்கிறார். வரிசையை விட்டு ஓடாமல் எதிரியை எதிர்த்து நிற்பது என்று லாக்கஸ் சட்டென்று சொல்கிறார். அப்படியானால் பின்வாங்கிக்கொண்டே சண்டை போடும் சித்தியர்கள் (குதிரை வீரர்களான நாடோடி இனத்தார்) வீரர்கள் இல்லையா என்கிறார் சாக்ரடீஸ். அவ்வளவுதான், தடுமாறுகிறார். கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் படை தோற்றுத் திரும்பும்போது சாக்ரடீஸோடு கூடவே வந்தவர் இந்த லாக்கஸ்!

எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற அறிவுதான் வீரம் என்கிறார் நிக்கியாஸ். நன்றாகத்தான் சொல்கிறார், ஆனால் கி.மு. 413இல் சிசிலிப் படையெடுப்பில் சந்திர கிரகணத்துக்குப் பயந்து படையைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்து அழிவைத் தேடிக்கொண்டவரும் அவரேதான்.

விடை கிடைக்காமலே பேச்சு முடிகிறது. நாளைக் காலையில் வீட்டுக்கு வாருங்கள் என்கிறார் ஓர் அப்பா. சாக்ரடீஸும் வருகிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்