கொழும்பு வாசலில் கண்ணி வைத்தது எம்டன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்ததைக் கட்டுரையாளர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிற்பகுதியில், எம்டன் சரக்குக் கப்பல் வேடத்தில் திரிந்ததாகவும், கொழும்புத் துறைமுக வாசலில் கண்ணிவெடிகளை மிதக்கவிட்டுச் சென்றதாகவும் எழுதியிருப்பது இரண்டு கப்பல்களின் கதையை ஒன்றாகக் குழைத்துவிட்டது.

கட்டுரையாளரை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. இதே பிழையோடுதான் நானும் வளர்ந்தேன். மேலூரிலிருந்து கொழும்புக்குப் போய், செட்டியார் தெருவில் ஒரு தானியக் கடையில் கணக்கு எழுதிய என் தாத்தா, "எம்டன்காரன் கொழும்பு வாசல்ல வெடி போட்டுட்டுப் போயிட்டான், கப்பல் ரெண்டு முங்கிருச்சு" என்று சொல்வாராம். அதை அப்படியே எங்களிடம் சொன்ன என் பெரியப்பாவுக்கே வீட்டில் எம்டன், அதாவது எல்லோரும் அஞ்சும் கில்லாடி, என்றுதான் பெயர் என்பதால், அந்தக் கூற்றைச் சரிபார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கப்பல் மூழ்கியது உண்மை, கண்ணியும் உண்மை, ஆண்டு மட்டும்தான் இடித்தது. கொழும்புக்கு வெளியே அந்தக் கண்ணிகள் இறங்கியது 1917 பிப்ரவரியில். எம்டனோ 1914 நவம்பர் 9 அன்றே கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் அடிபட்டு, பவளப்பாறையில் ஏறி, முடிந்துபோயிருந்தது. மேலும் எம்டன் முழுக்க முழுக்க ஒரு கடற்படைக் குரூசர், அதாவது வேகமாக ஓடும் போர்க்கப்பல். பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றுவதற்காகப் பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றை அது வைத்துக்கொண்டது உண்டு, ஆனால் சரக்குக் கப்பல் வேடம் போட்டதில்லை.

அந்த வேடத்தைப் போட்ட கப்பலின் பெயர் வோல்ஃப். ஜெர்மன் மொழியில் ஓநாய் என்று பொருள். பிறக்கும்போது அதற்கு வாக்ட்ஃபெல்ஸ் என்று பெயர். பிரேமன் நகரத்து ஹான்சா கம்பெனிக்காக 1913இல் கட்டப்பட்ட அந்தச் சரக்குக் கப்பல், மணிக்குப் பத்துப் பதினொரு கடல் மைலுக்கு மேல் ஓடாது. அந்தக் கம்பெனி போருக்கு முன் இந்தியத் துறைமுகங்களோடு ஒழுங்காக வியாபாரம் செய்துவந்த கம்பெனி. ஆகவே அதன் கப்பல்களின் சாடை நம் பக்கத்துக் கடலில் யாருக்கும் புதிதல்ல. ஜெர்மன் கடற்படை அதை வாங்கி, பீரங்கிகளைப் பக்கவாட்டுத் தகடுகளுக்குப் பின்னே ஒளித்து, டார்பிடோக் குழாய்களையும் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கண்ணிகளையும் ஒரு சிறு கடல் விமானத்தையும் ஏற்றி, கார்ல் ஆகஸ்ட் நெர்கர் என்ற தளபதியின் பொறுப்பில் 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்திலிருந்து அனுப்பியது. விமானத்துக்கு வைத்த செல்லப்பெயர் ஓநாய்க்குட்டி.

நெர்கருக்கு இடப்பட்ட முதல் வேலை சண்டை போடுவதல்ல, கண்ணி வைப்பது. தென்னாப்பிரிக்க முனையில் தொடங்கி, 1917 பிப்ரவரி நடுவில் கொழும்புக்கு வெளியேயும், அடுத்த சில நாட்களில் பம்பாய்க்கு வெளியேயும் இரவோடிரவாகக் கண்ணிகளை இறக்கிவிட்டு அது விலகிப்போனது. இங்கே கட்டுரையாளரின் 'மிதக்கவிட்டு' என்ற சொல்லையும் திருத்த வேண்டியிருக்கிறது. இவை அலையோடு அலைந்து திரிபவை அல்ல. ஒவ்வொன்றும் அடியில் கனமான நங்கூரத்தோடு கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நிற்பவை. கப்பலின் அடிப்பாகம் மோதினால்தான் வெடிக்கும். அதனால்தான் வைத்தவன் ஆயிரம் மைல் தள்ளிப் போன பிறகும் அவை காத்திருக்க முடிந்தது. கொழும்புக்கு அருகே பிப்ரவரி 17 அன்று வூஸ்டர்ஷயர், 21 அன்று பெர்சியஸ் என இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. தாத்தா சொன்ன 'ரெண்டு' இவைதான். பம்பாய்க் கண்ணி நான்கு மாதம் பொறுத்திருந்து, ஜூன் 23 அன்று மங்கோலியா என்ற பெரிய பயணிக் கப்பலை வாங்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியூசிலாந்துக் கடலில் விம்மெரா என்ற கப்பல் வோல்ஃப் வைத்த கண்ணியில் சிக்கியது 1918 ஜூனில். அதற்கு நான்கு மாதம் முன்பே வோல்ஃப் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

கரி நிரப்ப ஒரு துறைமுகம்கூட இல்லாமல் 451 நாள் கடலில் கிடந்தது எப்படி என்று கேட்கலாம். பிடித்த கப்பல்களின் கரி, சோறு, துணி, எல்லாமே அதற்கு ஜீவனம். நெர்கர் தன் வானொலியைப் பேசவிடாமல், கேட்க மட்டும் வைத்திருந்தார். பசிபிக்கில் மட்டுங்கா என்ற கப்பல் தன் சரக்கையும் வழியையும் சங்கேதமின்றி வானொலியில் அறிவித்துக்கொண்டு வந்து, 1917 ஆகஸ்டில் அதன் கையில் விழுந்தது. செப்டம்பர் 24 அன்று கொழும்பிலிருந்து புறப்பட்ட ஹிட்டாச்சி மாரு என்ற ஜப்பானியக் கப்பல் இரண்டே நாளில் மாலத்தீவுப் பக்கம் பிடிபட்டது. பிறகு சிக்கிய ஸ்பெயின் நாட்டு இகோட்ஸ் மெண்டி சுமந்துவந்த கரியும் கொழும்புக்குப் போகவேண்டிய கரிதான். எம்டனுக்குச் சென்னையோடு ஓர் இரவுப் பகை. வோல்ஃபின் கணக்கிலோ கொழும்பு திரும்பத் திரும்ப வருகிறது. தனுஷ்கோடி ரயிலேறிக் கொழும்புக்குப் போய்வந்த மதுரைச் சீமைக்காரர்களுக்குச் சென்னையைவிட அந்த ஊர்தான் அன்று பழக்கம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின் ஏன் எம்டன் மட்டும் தமிழில் ஒரு சொல்லாக நிலைத்தது? என் எண்ணத்தில், எம்டன் தன்னைக் காட்டிக்கொண்டு அடித்தது; பிடித்தவர்களைப் பெரும்பாலும் வேறொரு கப்பலில் ஏற்றி விடுவித்தும் விட்டது. அவர்களே கரைக்கு வந்து அதன் பெருமையைப் பரப்பினார்கள். வோல்ஃபினால் அப்படிச் செய்ய முடியாது. ஒருவனை விட்டாலும் வேடம் கலைந்துவிடும். ஆகவே பிடித்தவர்களையெல்லாம் கூடவே வைத்துக்கொண்டது. பெலூகா என்ற அமெரிக்கப் பாய்மரக் கப்பல் தலைவரின் மனைவியும் ஆறு வயது மகளும்கூட அதில் அடக்கம். கீழ்த்தளத்தில் நெரிசல், கடைசி மாதங்களில் காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய். போரில் இதெல்லாம் சகஜம் என்று சொல்வோர் உண்டு. நெர்கரின் திறமையை ஒப்புக்கொள்ளும் எனக்கு, அவர் கைதிகளின் கணக்கைத் தள்ளிவிட்டு அவரைப் புகழ மனம் வரவில்லை. ஹிட்டாச்சி மாருவின் தலைவர் டோமினாகா ஊர் திரும்பாமலேயே கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

மற்றொரு காரணம் தணிக்கை. ஆஸ்திரேலியாவில் கம்பர்லாந்து என்ற கப்பல் இதன் கண்ணியில் அடிபட்டபோது, உள்ளேயே யாரோ வெடிகுண்டு வைத்ததாகத்தான் அங்கே சொல்லப்பட்டது. அரசே மறைத்த கப்பலுக்கு ஊர்வாயில் எப்படிப் பெயர் வரும்? பெயர் தெரியாத வெடியை, பெயர் தெரிந்த கப்பலின் தலையில் கட்டிவிட்டார்கள்.

வோல்ஃப் 1918 பிப்ரவரி 24 அன்று கைதிகள் நானூற்றுச் சொச்சம் பேரோடு கீல் திரும்பியது. அதே நாளில், கூட வந்த இகோட்ஸ் மெண்டி டென்மார்க்கின் ஸ்காகன் முனையில் தரைதட்டியதால், அதிலிருந்த பெண்களும் குழந்தைகளும் விடுதலை பெற்றனர். போருக்குப் பின் வோல்ஃப் பிரான்சுக்குப் போய், ஆன்டினஸ் என்ற பெயரில் மறுபடியும் சரக்கு சுமந்து, 1931இல் உடைக்கப்பட்டது.

கட்டுரையின் அந்த இரு வரிகளுக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எம்டனுக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் இடம் ஒதுக்கும் தாங்கள், வரும் பிப்ரவரியில் வோல்ஃபுக்கும் அரைப்பக்கம் ஒதுக்கினால், எங்கள் பெரியப்பா இல்லாத துணிச்சலில் அதை வீட்டில் உரக்கவே படித்துக்காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தல்லாகுளம், மதுரை.