கடை வாசல் பல்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. தைலம் தேய்த்தால் அடங்குகிறது.

சனிக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. "சரி சரி, சாப்பிட்டுட்டுத் தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி விட்டு ஓட்டையைக் காட்டிவிடும். போனில் எனக்கு அப்படி எதுவும் பிடிபடுவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ சொன்னதில் எனக்கு விளங்கியது இது. வேலை முடிந்து ராத்திரி பத்தரைக்கு ஸ்கூட்டியில் வருகிறாய். ரோட்டோரம் பைக் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் ஓர் ஆள் விழுந்து கிடக்கிறார். இரண்டு பேர் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். நீ வேகத்தைக் குறைத்தாய், அப்புறம் போய்விட்டாய். மறுநாள் அதே இடத்தில் பார்த்தால் உடைந்த கண்ணாடித் துண்டுகள்தான் கிடந்தன. அந்த ஆள் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. "நீங்களா இருந்தா நின்னிருப்பீங்கப்பா" என்றாய். அந்த ஒரு பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில், ஒற்றைப் பெண்ணாக, நீ வண்டியை விட்டு இறங்காததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊரார் பிள்ளைக்கு வேண்டுமானால் அப்படிப் புத்தி சொல்லலாம், பெற்ற பிள்ளைக்கு வாய் வராது. ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளி வெளிச்சமான கடை வாசலில் நிறுத்தி 108க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அங்கே நின்ற இரண்டு பேர் போட்டிருப்பார்கள் என்று நீ நினைத்திருப்பாய். அவர்கள் தங்களுக்கு முன்னால் வந்த யாரோ போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரே ஆளுக்கு நாலு போன் போனால் குடி முழுகிப் போகாது. எந்த ரோடு, எந்த ஊரைத் தாண்டி, பக்கத்தில் பெட்ரோல் பங்க்கா பாலமா, இதைச் சொன்னால் போதும்.

உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் "கேஸு, கோர்ட்டுன்னு அலைய விட்டுருவாங்க" என்று பயமுறுத்தினார்களாமே. அது ஒரு காலத்தில் உண்மைதான். நம் எதிர் டீக்கடைப் பெரியப்பா அடிபட்ட ஒருவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதற்கு, "நீதான் இடிச்சியா" என்பதில் தொடங்கி மூன்று தடவை ஸ்டேஷனுக்கு நடக்கவிட்டார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. அதற்கப்புறம் அவர் ரோட்டில் சத்தம் கேட்டால் கடைக்குள் போய்ப் பாலைக் கிண்டுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. அடுத்த வருஷம் வந்த விதியில், உதவியவர் பேர், விலாசம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சாட்சி சொல்ல வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்று தெளிவாக வைத்துவிட்டார்கள். செலவுக்கு யார் பொறுப்பு என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரிலிருந்து, நம் மாநிலத்துக்குள் ரோட்டில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசாங்கம் பணம் கட்டுகிறது. இதையெல்லாம் ஒரு போலீஸ்காரர்தான் எனக்கு விவரமாகச் சொன்னார், அவர் பைக்குக்கு நான் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது. நீயும் உன் கூட்டாளிகளிடம் சொல்லு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீ பிறந்த கதை. நூறு தடவை கேட்டிருப்பாய், இருந்தாலும் அம்மா சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது.

1999 பங்குனி. 108 வருவதற்கு இன்னும் ஒன்பது வருஷம் இருந்த காலம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவுக்கு வலி. தேவிபட்டினம் தாண்டி இந்தப் பொட்டலில் அப்போது நம் கடையும் பின்னால் நம் வீடும்தான். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர். கார் வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். ரோட்டில் நின்று கை காட்டினேன். இரண்டு லாரி நிற்காமல் போயின. மூன்றாவதாக வந்தது திருப்பாலைக்குடியில் மீன் ஏற்றி வந்த மட்டடோர் வேன். அது நின்றது. அம்மா முன் சீட்டில், நான் பின்னால் ஐஸ் பெட்டி மேல். இதுவரை உனக்குத் தெரியும். "மீன் வண்டியில் வந்த பிள்ளை" என்று உன் அத்தைமார் கேலி பண்ணுவது இதனால்தான்.

தெரியாதது இது. அந்த டிரைவர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் தள்ளுவண்டி கிடைக்காமல் நான் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் தன் தோளில் கை போடச் சொல்லி அம்மாவை நடத்திக் கூட்டிப் போனார். நீ பிறந்த சத்தம் கேட்கும்வரை வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். வேனுக்கு அடியில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகினால் மீனுக்கு விலை விழும், தெரியும்தானே. நூறு ரூபாயை நீட்டினேன். "கடல்ல எஞ்சின் நின்ன வள்ளத்தக் கட்டி இழுத்துட்டு வர்றவன் வாடகையா கேக்குறான்? போங்கண்ணே, பிள்ளையப் பாருங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். பேரைக் கேட்கவில்லை. வண்டி நம்பரைப் பார்க்கவில்லை. இப்போது முகம்கூட நினைவில் இல்லை, என் வேட்டி ஐஸ் தண்ணீரில் நனைந்து சில்லிட்டது மட்டும் இருக்கிறது. பல வருஷம் மட்டடோர் வேன் எது வந்து நின்றாலும் டிரைவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதைக் கேட்டுவிட்டு, இப்படி ஓர் உதவி வாங்கின மனுஷன் யார் கூப்பிட்டாலும் ஓடியிருப்பான் என்று நீ நினைப்பாய். அதுதான் இல்லை.

2006 ஐப்பசி. அடைமழை. அந்த வாரம்தான் பக்கத்துக் கடை ஷட்டரை நெம்பிக் கல்லாப் பெட்டியைத் தூக்கிப் போயிருந்தார்கள். ராத்திரி ஒரு மணி இருக்கும், நம் ஷட்டரைத் தட்டினார்கள். "அண்ணே, அண்ணே" என்று ஓர் ஆணின் குரல். கொஞ்ச நேரம் கழித்துப் பெண் குரல். முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெண் குரலை முன்னால் விட்டுத் திருடுவார்கள் என்று யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து எனக்கு வசதியாக ஞாபகம் வந்தது. பத்து நிமிஷம் தட்டியிருப்பார்கள். அப்புறம் மழைச் சத்தம்தான்.

காலையில் ஷட்டரைத் தூக்கினேன். சேற்றில் காற்று இறங்கின ஸ்கூட்டர் டயரின் தடம், தேவிபட்டினம் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. தாழ்வாரத்துக்குக் கீழே, ஈரம் படாத இடத்தில், எரிந்துபோன தீக்குச்சிகள். பதினைந்து இருபது இருக்கும். ஒவ்வொன்றாகக் கிழித்து, அந்த வெளிச்சத்தில் முள் எங்கே குத்தியிருக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். திருட வந்தவன் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பானா?

அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தள்ளிக்கொண்டே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குச்சிகளைக் கூட்டி அள்ளியது இந்தக் கைதான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கடை வாசலில் அந்த பல்பைப் போட்டேன். நீ ஏழு வயதுப் பிள்ளை, "ஏம்ப்பா ராத்திரி பூரா லைட் எரியுது?" என்று கேட்டாய். "திருடனுக்கு" என்றேன். நீயும் நம்பிவிட்டாய். கரண்ட் பில் யார் கட்டுவது என்று அம்மா மட்டும் ஒரு மாசம் என்னோடு சண்டை போட்டாள். அவளிடம்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை. அவளும் அன்று விழித்துத்தான் இருந்தாள் என்பதால், சொல்ல வேண்டியிருக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பல்புக்குக் கீழே ஆணியில் கைப்பம்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஒரு தகர டப்பாவில் பட்டி, சொலூஷன், உப்புத்தாள், இரண்டு லெவர். இத்தனை வருஷத்தில் பம்பு ஒரே ஒரு தடவை காணாமல் போனது, லெவர்கள் ஏழெட்டுத் தடவை. லெவர் மேல் மனுஷனுக்கு அப்படி என்ன ஆசையோ. ஆனால் டப்பாவில் சில காலையில் இருபது ரூபாய் கிடக்கும். ஒரு தடவை பனையோலைப் பெட்டியில் நுங்கு இருந்தது. அப்பாதான் வைத்தார் என்று நினைத்து நீ குதித்தாயே, அந்த நுங்கு. யார் வைத்தார்களோ.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. மதுரையில் பஸ் ஏறி ராமேஸ்வரம் வரை வந்தால் ஊர்ப் பேரைக் கவனி. சத்திரக்குடி, மண்டபம், பாலம் தாண்டினால் அக்காள்மடம், தங்கச்சிமடம். சத்திரம், மண்டபம், மடம். வழியில் போகிறவன் தலை சாய்க்கிற இடம்தான் நம் மாவட்டத்தில் ஊருக்கே பேர். சேதுபதி ராஜாக்கள் யாத்திரைக்காரர்களுக்காகக் கட்டிவைத்த காலத்து வாசனை அது. கடலைத் தாண்டுகிற யாத்திரைக்காரர்களிடம் காசு வாங்கினார் என்பதற்காக ஒரு சேதுபதி தன் சொந்த மருமகனுக்கே மரண தண்டனை கொடுத்தார், அவரைக் கட்டியிருந்த அக்காள் தங்கை இருவரும் உடன்கட்டை ஏறினார்கள், அவர்கள் நினைவாக வந்ததுதான் அந்த இரண்டு மடமும் என்று பாம்பன் பக்கத்துப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். எனக்கு அந்த ராஜா மேல் கோபம்தான். மகள்களைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

இப்போதும் இந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் குறையவில்லை. உப்பூர் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தேவிபட்டினம் நவபாஷாணம் போகிறவர்கள், ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள், ஆவணியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள். நடக்கிறவர்களிடம் பஞ்சர்காரனுக்கு என்ன வேலை, டயர்தான் கிடையாதே. தண்ணீர்தான். தள்ளுவண்டியில் குடம் வைத்து அம்மா கொண்டுவருகிற தண்ணீர், அதனால் ஊற்றுவதும் அவள் உரிமை. எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கண்ணால் அளந்துகொண்டேதான் ஊற்றுவாள்.

எல்லாருக்கும் இனாமாகப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. தை அமாவாசைக்கு வடக்கேயிருந்து வந்த பஸ் ஒன்றுக்குப் பின்பக்கம் உள் டயர் வெடித்து, கழற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. முழுக் கூலியும் வாங்கினேன். அதற்குள் அவர்கள் வேலி ஓரமாக அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு, ஊறுகாயோடு எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. ரொட்டி கொஞ்சம் வறட்சிதான். ஆனால் 2018இல் கஜா புயல் அடித்த வாரம், தெற்கேயிருந்து அரிசியும் தண்ணீர் கேனும் ஏற்றி வேதாரண்யம் பக்கம் போன வண்டிகளிடம் காசு வாங்கக் கை வரவில்லை.

இன்னொன்று, இதை நீயும் செய்யலாம், இறங்கப் பயமில்லாத பகல் நேரத்தில். லாரி நின்றுபோனால் பின்னால் மரக்கிளையை ஒடித்து வைப்பார்கள், சக்கரத்துக்குக் கல் கொடுப்பார்கள். லாரி கிளம்பியதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கல்லில் ராத்திரி பைக் ஏறினால் தீர்ந்தது. எனக்கு ரோட்டில் பிடிக்காத ஒரே ஜாதி இந்தக் கல்லை விட்டுப் போகிறவர்கள்தான். காலையில் நடக்கப் போகும்போது கண்ணில் பட்டால் உருட்டித் தள்ளிவிட்டு வருகிறேன். முதுகு பிடித்துக்கொள்கிறது, அம்மாவிடம் சொல்லாதே.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: நின்றிருப்பேனோ என்னவோ. ஒரு தடவை நிற்கவில்லை. அதை உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை பஸ்ஸில் உனக்கு நெத்திலிக் கருவாடும் முண்டு மிளகாயும் கொடுத்துவிடுகிறேன். டிரைவர் தெரிந்தவர்தான். நேரத்துக்குப் போய் வாங்கிக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது நடுவில் அம்மா எழுந்து வந்தாள். எழுதுவதைப் படிக்கத்தான் வருகிறாள் என்று காகிதத்தை மூடினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. "வாசல்ல பல்பு எரியல. எழுதுனது போதும், போய் மாத்துங்க" என்றாள். மாற்றிவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா