மூன்று பைட்டுகள் போதும், ஐயா

பயனாளிகள் இணையதளத்தின் கணினிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் மகளிர் குழுக்களின் பட்டியல்களைப் பராமரிக்கும் பணியாளர்களில் ஒருத்தி நான். பட்டியலை எளிய எழுத்துக் கோப்பாகத் தரும், உங்கள் தளத்திலுள்ள 'சிஎஸ்வி பதிவிறக்கம்' பொத்தானைப் பற்றித்தான் எழுதுகிறேன். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

திரையில் தெளிவாக இருக்கும் தமிழ்ப் பெயர்கள், அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்ததும் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகளாகிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் மாவட்டத்தில் எந்தப் பட்டியலும் 'இன்று மாலைக்குள்' வேண்டும். எனவே திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் மறுபடி தட்டச்சு செய்கிறோம். வங்கிப் புத்தகத்தில் தனலெட்சுமி, அவசரத்தில் நாங்கள் அடிப்பது தனலட்சுமி. ஒரு கொம்பு குறைந்ததற்காகப் பட்டியல் திரும்பி வருகிறது. பணம் ஏன் வரவில்லை என்று கேட்க அந்த அம்மா உங்களிடம் வரமாட்டார், எங்களிடம்தான் வருவார்.

நேரடியாகத் திறக்காமல் 'டேட்டா' பகுதி வழியே இறக்குமதி செய்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான '65001 யூனிகோட்' குறியாக்கத்தைத் தேர்வு செய்யும்படி பதில் அனுப்பியிருந்தீர்கள். சரியான வழிதான். கணக்கு எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறிப்பதும் அங்கேதான். குறிக்காவிட்டால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்குப் பிறகு வரும் இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், முன்னால் நிற்கும் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். ஆனால் கோப்பைப் பெறும் வங்கி எழுத்தர் இரண்டு முறை சொடுக்கித்தான் திறப்பார். அவருக்கும் 65001-ஐ நாங்கள்தான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

கோப்பின் தொடக்கத்தில், இது யூனிகோட் எழுத்து (யுடிஎஃப்-8) என்று எக்செல்லுக்குச் சொல்லும் அடையாளமான மூன்று பைட்டுகளைச் சேர்த்தால் எக்செல் தமிழைத் தமிழாகவே காட்டும். உங்கள் நிரலாளருக்கு அது ஒரு வரி வேலை.

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் வந்தது. 2010-இல் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றது. உங்கள் தளத்தின் முகப்பிலும் நாள்தோறும் ஒரு குறள் ஓடுகிறது. நல்லவேளை, குறளை யாரும் சிஎஸ்வியாகப் பதிவிறக்குவதில்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்தது இதுவல்ல. அந்த மூன்று பைட்டுகளைச் சேர்த்துத் தாருங்கள். முடிந்தால், கணக்கு எண்ணை எழுத்தாகவே வைத்திருக்கும் எக்செல் கோப்பாகவும் பதிவிறக்க ஒரு வசதி செய்யுங்கள். சோதித்துப் பார்க்கப் பெயர்கள் வேண்டுமானால் எங்கள் வட்டாரத்திலிருந்தே அனுப்புகிறோம். அடுத்த பட்டியலை மாலைக்குள் கேட்பதற்கு முன்பாகச் செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்ட மகளிர் குழுப் பணியாளர் ஒருத்தி