மாவுச்சத்தைக் குறைத்தால் மட்டும் ஆயுள் கூடுமா?

ஐயா,

மாவுச்சத்தைக் குறைத்தால் முதுமை தள்ளிப்போகும், ஆயுள் நீளும் என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது சான்றாகக் காட்டும் 2017ஆம் ஆண்டின் கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை மிகுதியாகச் சேர்க்கும் உணவுமுறை) ஆய்வு சுண்டெலிகளிடம் நடத்தப்பட்டது. அதைக் கொண்டு மனித ஆயுளைக் கணிப்பது அவசரமான முடிவு. மாறாக, அமெரிக்காவில் 45 முதல் 64 வயது வரையிலான 15,000க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, மொத்தக் கலோரியில் 50 முதல் 55 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடமே இறப்பு அபாயம் மிகக் குறைவாக இருந்ததாகவும், 40 விழுக்காட்டுக்குக் கீழேயும் 70 விழுக்காட்டுக்கு மேலேயும் அது உயர்ந்ததாகவும் தெரிவிக்கிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: மாவுச்சத்துக்குப் பதிலாக இறைச்சியை நாடியவர்களுக்கு அபாயம் கூடியது, பருப்பு, கொட்டை வகைகள் போன்ற தாவர உணவை நாடியவர்களுக்குக் குறைந்தது. இவ்வகை ஆய்வு காரணத்தை உறுதியாக நிறுவாது என்பது உண்மையே. ஆனாலும் குறைத்ததை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதே முதன்மையான கேள்வி என்று அது உணர்த்துகிறது.

உணவு ஆலோசகராக நான் சந்தித்தவர்களில் பலர், எதை விட வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தும், அதற்கு ஈடாக எதை உண்பது என்பதை எவரிடமும் கேட்டறிந்திருக்கவில்லை. எனவே, இத்தகைய கட்டுரைகளில் ஆய்வு விலங்குகளிடம் நடந்ததா மனிதர்களிடம் நடந்ததா என்பதைத் தலைப்பை ஒட்டியே குறிப்பிடுமாறும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைச் சேர்க்குமாறும் வேண்டுகிறேன்.